சாப்பா முறையும் நம் குழந்தைகளின் மீத்திறனும்

(மட்டாஞ்சேரியில் தமிழ்த் தோழர்களுக்கென நடத்தப்பட்ட கல்விக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மாறுபட்ட சமூகப் பின்னணிகளிலிருந்து வரும் மீத்திறன் மாணவர்களைப் புரிந்துகொள்வது, அவர்களுக்குத் துணை நிற்பது என்பது எனக்குத் தரப்பட்டுள்ள தலைப்பு. மட்டாஞ்சேரியில் நின்றுகொண்டு இதைப் பேசுவதானால், பள்ளிக்கூடத்தைவிடத் துறைமுகத்திலிருந்து தொடங்குவதே பொருத்தம் என்று கருதுகிறேன்.

கொச்சித் துறைமுகத்தில் ஒரு காலத்தில் நிரந்தர வேலை என்ற ஒன்று கிடையாது. கப்பல் வந்தால் வேலை; வராவிட்டால் பட்டினி. வேலைக்கு ஆள் எடுத்த முறைக்குச் சாப்பா என்று பெயர். விடியற்காலையில் தொழிலாளர்கள் கூட்டமாகத் திரண்டு நிற்பார்கள். சரக்கேற்றும் ஒப்பந்தக்காரரின் ஆளான மூப்பன் கை நிறைய உலோக வில்லைகளை எடுத்துக் கூட்டத்தின் நடுவே வீசி எறிவான். ஒருவர்மீது ஒருவர் விழுந்து, மிதித்து, அடித்துக்கொண்டு அதைப் பொறுக்க வேண்டும். வில்லை கிடைத்தவருக்கு அன்று வேலை. கிடைக்காதவர் வெறுங்கையோடு வீடு திரும்ப வேண்டும். இந்தக் கொடுமைக்கு எதிராக எழுந்த போராட்டத்தின்மீதுதான் 1953 செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது. சைது, சைதலவி ஆகிய தோழர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். போலீஸ் சித்திரவதைக்கு உள்ளான தோழர் ஆண்டணியும் உயிர்நீத்தார். கே.எம். சிதம்பரன் எழுதிய ‘துறமுகம்’ நாடகமும், அதே பெயரில் 2023இல் வெளிவந்த ராஜீவ் ரவியின் திரைப்படமும் இந்த வரலாற்றைச் சொல்பவை. அரங்கில் பலர் பார்த்திருப்பீர்கள்.

வில்லையைப் பிடித்தவன்தான் வல்லவன் என்று மூப்பன் சொல்லியிருக்கக்கூடும். கை நீளமானவனும், அடுத்தவனை மிதிக்கத் தயங்காதவனும், அன்று காலை வயிற்றில் ஏதாவது இருந்தவனும் பிடித்தான் என்பதே உண்மை. பின்னாளில் துறைமுகத் தொழிலாளர் வாரியத்தின் வழியாகப் பெயர்ப் பதிவும் முறைவைத்து வேலை தருவதும் வந்தன. வில்லைகளை இன்னும் கொஞ்சம் நியாயமாக எறிவதால் அந்த மாற்றம் வரவில்லை. எறிவதையே நிறுத்தியதால் வந்தது.

நம் நாட்டில் குழந்தைகளின் திறமையைக் கண்டறிய இன்று கையாளப்படும் முறை பெரும்பாலும் சாப்பா முறைதான். சில ஆயிரம் வில்லைகள்; பல லட்சம் கைகள். கையில் வில்லையோடு வெளியே வந்த குழந்தைக்கு ‘மேதை’ என்று பெயர். நான் சொல்ல வந்தது இவ்வளவே. மற்றவை இதற்கான விளக்கங்கள்.

தோழர்களில் சிலருக்கு இத்தலைப்பே உறுத்தலாக இருக்கும் என்பதை அறிவேன். “எல்லாக் குழந்தைகளுக்கும் தரமான கல்வி என்று போராடும் நாம், மீத்திறன் என்று சிலரை மட்டும் பிரித்தெடுப்பது மேட்டுக்குடிச் சிந்தனை ஆகாதா?” என்று நேற்றுகூட ஒரு தோழர் கேட்டார். கேள்வி நேர்மையானது. ஆனால் அதன் விளைவு என்ன என்று பார்க்க வேண்டும். வசதி படைத்தவர் வீட்டுக் குழந்தை கணிதத்தில் வேகமாக இருந்தால், அதற்கு ஒலிம்பியாட் பயிற்சி, தனி ஆசிரியர், கோடை முகாம் என்று அந்த வீடே ஏற்பாடு செய்துவிடும். நாம் இதைப் பேசாமல் இருந்தால் அந்தக் குழந்தைக்கு எந்த இழப்பும் இல்லை. இழப்பு, கூலிக்காரரின் வீட்டில் பிறந்த அதே வேகமுள்ள குழந்தைக்குத்தான். மீத்திறன் என்ற சொல்லை மேட்டுக்குடியினரிடம் விட்டுக்கொடுத்தால், மீத்திறனே அவர்களுடைய குடும்பச் சொத்து என்ற பொய்யை நாமும் ஒப்புக்கொண்டதாகிவிடும்.

அது பொய் என்பதற்குச் சாட்சியைத் தேடி வெகுதூரம் போக வேண்டாம். இந்தக் காயலின் அக்கரையில் முளவுகாடு தீவு இருக்கிறது. அங்கே 1912இல் புலையர் குடும்பம் ஒன்றில் பிறந்தவர் தாட்சாயணி வேலாயுதன். அவர் பிறந்த மறு ஆண்டு, 1913இல், கொச்சிக் காயலில் படகுகளைச் சேர்த்துக் கட்டி அவற்றின்மீது புலையர் மக்கள் தங்கள் மாநாட்டை நடத்தினார்கள். தரையில் கூடுவதற்கு அவர்களுக்கு இடம் மறுக்கப்பட்டதால் தண்ணீரில் கூடினார்கள். அந்த இயக்கத்தின் சூழலில் வளர்ந்த பெண், கொச்சி அரசின் உதவித்தொகை பெற்று எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் வேதியியல் படித்தார். ஆய்வகத்தில் சோதனைகளைச் செய்துபார்க்க மேல்சாதி ஆசிரியர் அவரை அனுமதிக்கவில்லை. தள்ளி நின்று பிறர் செய்வதைக் கண்ணால் பார்த்தே கற்றுக்கொண்டு, 1935இல் பட்டம் பெற்றார். இந்தியாவில் பட்டம் பெற்ற முதல் தலித் பெண் அவர். 1946இல் அரசியல் நிர்ணய சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்தச் சபையில் இருந்த ஒரே தலித் பெண்ணும் அவர்தான்.

தோழர்களே, தொடாமலேயே வேதியியல் கற்ற அந்தத் திறனை அளக்க எந்தத் தேர்வில் வினா இருக்கிறது? அதே ஆய்வகத்தில் குடுவையைக் கையில் பிடித்துக் கற்ற மாணவரைவிட அவர் சில மதிப்பெண்கள் குறைவாகப் பெற்றிருந்தாலும், இருவரில் மீத்திறன் யாருக்கு?

இவரோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய இன்னொருவர் பண்டிட் கருப்பன். 1885இல் சேரானல்லூரில் மீனவர் சமூகத்தில் பிறந்தவர். சாதிக்கொடுமைக்கு எதிராக ‘ஜாதிக்கும்மி’ எழுதியவர். காயல் மாநாட்டுக்குப் பின்னால் இருந்தவர். இளம் வயதில் அவருடைய கவித்திறன் கொச்சி மன்னரின் கவனத்துக்கு வந்ததால், அவருக்குச் சமஸ்கிருதக் கல்விக்கு வழி பிறந்தது. மன்னரின் கண்ணில் படாமல் போயிருந்தால்? ஒருவரின் திறமை வெளிப்பட மன்னர் தேவைப்பட்டார். அடுத்த தலைமுறைப் பெண்ணுக்கு, அவரும் சேர்ந்து உருவாக்கிய இயக்கம் தேவைப்பட்டது. இயக்கத்தின் அழுத்தத்தால் வந்த உதவித்தொகை தேவைப்பட்டது. மன்னரின் கண் தற்செயலானது. இயக்கம் தற்செயலானது அன்று.

துறைமுகம் என்றதும் ஒரு செய்தி நினைவுக்கு வருகிறது. கணித மேதை ராமானுஜன் 1912 மார்ச் மாதம் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு எழுத்தராகச் சேர்ந்தார். கணிதம் தவிர மற்றப் பாடங்களில் தேறாததால் கும்பகோணம் கல்லூரியின் உதவித்தொகையை இழந்தவர். கல்லூரித் தேர்வில் தோற்றவர். வறுமையில் உழன்றவர் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவரால் ஆட்சியர் ராமச்சந்திர ராவைப் போய்ப் பார்க்க முடிந்தது; அலுவலகத்தில் கணிதம் அறிந்த நாராயண ஐயர் மேலதிகாரியாக இருந்தார்; கேம்பிரிட்ஜுக்குக் கடிதம் எழுத மொழி இருந்தது. தட்டினால் திறக்கக்கூடிய கதவுகள் எவை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அதே துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்களில் எத்தனை பேருக்கு எண்களோடு அத்தகைய நட்பு இருந்தது என்று யாரும் கேட்டதில்லை. அவர்கள் கையெழுத்துகூடப் போட வேண்டியிருக்கவில்லை. கைரேகை போதுமானதாக இருந்தது.

இனி, அளக்கும் கருவிகளைப் பற்றிச் சிறிது பார்ப்போம். நுண்ணறிவுத் தேர்வை 1905இல் முதலில் உருவாக்கிய பிரெஞ்சு அறிஞர் ஆல்ஃபிரட் பினே, பள்ளியில் கூடுதல் உதவி தேவைப்படும் குழந்தைகளை அறிவதற்காகவே அதை அமைத்தார். அமெரிக்காவுக்குப் போனதும் அது மனிதர்களைத் தரவரிசைப்படுத்தும் கருவியாயிற்று. 1921இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் லூயிஸ் டெர்மன், கலிஃபோர்னியாவில் சுமார் 1,500 ‘மேதைக் குழந்தைகளை’ப் பொறுக்கியெடுத்து ஆயுள் முழுவதும் பின்தொடரும் ஆய்வைத் தொடங்கினார். பெரும்பாலும் வெள்ளையர் வீட்டு, நடுத்தர வர்க்கக் குழந்தைகள். அவருடைய தேர்வில் தகுதி பெறாமல் விடப்பட்ட இரு சிறுவர்கள் பிற்காலத்தில் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றனர்: வில்லியம் ஷாக்லி, லூயிஸ் ஆல்வாரஸ். தேர்ந்தெடுக்கப்பட்டவர்களில் ஒருவருக்கும் நோபல் கிடைக்கவில்லை. (இதில் ஒரு வேடிக்கை: அந்தத் தேர்வில் கழிக்கப்பட்ட ஷாக்லிதான் வயதான காலத்தில், கறுப்பின மக்களுக்கு நுண்ணறிவு குறைவு என்று அதே தேர்வின் எண்களைக் காட்டி ஊர் ஊராகப் பேசித் திரிந்தார்.)

இன்னொரு ஆய்வு நமக்கு நெருக்கமானது. 1980களில் பிரேசிலின் ரெசிஃபே நகரில், தெருவில் இளநீரும் பழமும் விற்கும் சிறுவர்களிடம் டெரெசின்யா நூனஸும் அவருடைய சக ஆய்வாளர்களும் வாடிக்கையாளர்களைப் போலச் சென்று கணக்குக் கேட்டார்கள். கடையில் நின்றபடி சிறுவர்கள் சொன்ன விடைகளில் 98 விழுக்காடு சரி. அதே கணக்குகளைப் பள்ளியில் கேட்பதுபோல வெறும் எண்களாகத் தாளில் கொடுத்தபோது 37 விழுக்காடுதான் சரி. குழந்தை அதேதான், மூளையும் அதேதான். கேட்ட முறை மாறியது. கொல்கத்தாவிலும் தில்லியிலும் சந்தையில் வேலை செய்யும் சுமார் 1,400 குழந்தைகளிடம் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ உள்ளிட்டோர் நடத்திய ஆய்வு 2025இல் வெளிவந்தது. அதுவும் இதையே காட்டியது. மறுபுறம், பள்ளிக்கு மட்டுமே சென்ற குழந்தைகள் சந்தைக் கணக்கில் திணறினார்கள்.

இதைப் படித்தபோது இங்கே வெளியில் இருக்கும் சலவைக்கூடம்தான் எனக்கு நினைவுக்கு வந்தது. டச்சுக்காரர் காலத்தில் படைவீரர்களின் உடைகளை வெளுப்பதற்காகத் தமிழகத்திலிருந்து அழைத்துவரப்பட்டவர்கள் என்று சொல்லப்படும் வண்ணார் மக்களின் வழித்தோன்றல்கள் இன்றும் அங்கே உழைக்கிறார்கள். வண்ணான் குறி பற்றி நம்மில் மூத்தவர்களுக்குத் தெரியும். சேங்கொட்டைச் சாற்றால் துணியின் ஓரத்தில் இடப்படும் புள்ளியும் கோடும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குறி. நூற்றுக்கணக்கான வீடுகளின் துணிகளைக் குறிபார்த்துப் பிரித்து அடுக்குவது எழுதப்படாத ஓர் எழுத்துமுறையைப் படிப்பதற்கு ஒப்பானது. இப்போது நுண்ணறிவுத் தேர்வுத் தாளை எடுத்துப் பாருங்கள்: புள்ளிகளும் கோடுகளும் தந்து, பொருந்தும் உருவைத் தேர்ந்தெடு என்றுதான் கேட்கிறார்கள்! சலவைத் தொழிலாளரின் வீட்டில் குழந்தை இதை விளையாட்டாகச் செய்யும். பள்ளியில் அதற்கு மதிப்பெண் கிடையாது. ஆயிரம் ரூபாய் கட்டிப் பயிற்சி மையத்தில் அதையே கற்ற குழந்தைக்கு மதிப்பெண் உண்டு.

கலைத் திறனும் மீத்திறன்தான். அதற்கு இந்த ஊரே சாட்சி. மெகபூப் பாய் இங்கே கொச்சியில் தக்காணி பேசும் எளிய குடும்பத்தில் பிறந்தவர். சிறுவயதில் பிரிட்டிஷ் படைமுகாமில் காலணிக்கு மெருகேற்றிக்கொண்டே பாடியவர். 1954இல் வந்த ‘நீலக்குயில்’ படத்தில் அவர் பாடிய பாட்டை இன்றும் கேரளம் முணுமுணுக்கிறது. 1981இல் வறுமையிலேயே மறைந்தார். பாராட்டுக்குக் குறைவில்லை; துணைதான் இல்லை.

தமிழ்நாட்டின் அனுபவத்துக்கு வருகிறேன். அரியலூர் மாவட்டம் குழுமூர் அனிதா 12ஆம் வகுப்பில் 1,200க்கு 1,176 மதிப்பெண் பெற்றவர். தந்தை திருச்சி காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் தொழிலாளி. இந்த ஊரில் இதை விளக்க வேண்டியதில்லை. மூட்டை என்றால் என்ன என்று பஜார் சாலைக்குத் தெரியும். நீட் தேர்வை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை சென்றார் அந்த மாணவி. 2017 செப்டம்பர் 1 அன்று அவரை இழந்தோம். 12 ஆண்டுக் கல்வியில் தாழ்த்தப்பட்ட குடும்பத்துப் பெண் ஒருத்தி படிப்படியாக நிரூபித்த திறனை, பயிற்சி மையத்துக்குப் பணம் கட்டியவர்களுக்காக வடிவமைக்கப்பட்ட மூன்று மணி நேரத் தேர்வு இல்லை என்று சொல்லிவிட்டது.

இது ஒருவரின் கதை மட்டுமன்று. நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021இல் அளித்த அறிக்கை, மருத்துவக் கல்லூரிகளில் தமிழ்வழியில் படித்த மாணவர்களின் பங்கு நீட்டுக்கு முன்பு 15 விழுக்காட்டை ஒட்டியிருந்தது என்றும், நீட் வந்த பிறகு 2 விழுக்காட்டுக்கும் கீழே போனது என்றும் கணக்கிட்டுக் காட்டியது. ஒரே ஆண்டில் தமிழ்வழிக் குழந்தைகளுக்கு அறிவு மங்கிவிட்டதா? வில்லையை எறியும் இடம் மாறியது, அவ்வளவுதான். அதன் பிறகு 2020இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு சட்டமானதும், முந்தைய ஆண்டில் விரல்விட்டு எண்ணத்தக்க அளவில் இருந்த அரசுப் பள்ளி மாணவர்களின் இடத்தில், முதல் ஆண்டிலேயே மருத்துவ, பல் மருத்துவப் படிப்புகளில் 400க்கும் மேற்பட்ட இடங்கள் அவர்களுக்கு ஒதுக்கப்பட்டன. குழந்தைகள் எங்கும் போய்விடவில்லை. இருந்த இடத்திலேயே இருந்தார்கள் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

சரி, சாப்பாவை விட்டுவிட்டால் மாற்று என்ன? துறைமுகத் தொழிலாளர்கள் கண்டதுதான்: எல்லோருடைய பெயரையும் பதிவு செய்வது. முதலாளித்துவ நாடான அமெரிக்காவிலிருந்தே இதற்கு ஓர் ஆதாரம் கிடைக்கிறது. ஃபுளோரிடா மாநிலத்தின் பிரோவார்ட் மாவட்டப் பள்ளிகளில், எந்தக் குழந்தை மீத்திறன் உடையது என்பதை ஆசிரியரோ பெற்றோரோ சொன்னால் மட்டுமே சோதிப்பது வழக்கம். 2005இல் இதை மாற்றி, இரண்டாம் வகுப்பில் உள்ள எல்லாக் குழந்தைகளையும் எளிய, மொழி சாராத ஒரு சோதனைக்கு உட்படுத்தினார்கள். தேறியவர்களில் ஏழை வீட்டு, கறுப்பின, ஸ்பானிய மொழிப் பின்னணிக் குழந்தைகளின் எண்ணிக்கை சட்டென உயர்ந்தது. தகுதியின் அளவு குறைக்கப்படவில்லை. இதுவரை யாரும் அவர்களைப் பார்க்கவில்லை, இப்போது பார்த்தார்கள். 2008 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு நிதியை வெட்டி அந்தச் சோதனையை நிறுத்தியதும், பழைய நிலை அப்படியே திரும்பிவிட்டது. டேவிட் கார்ட், லாரா ஜூலியானோ என்ற இரு பொருளியலாளர்கள் இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். கார்ட் பின்னர் நோபல் பெற்றவர்.

கேரளத்தில் நான்காம் வகுப்பிலும் ஏழாம் வகுப்பிலும் உதவித்தொகைத் தேர்வுகள் இருப்பதை நீங்கள் அறிவீர்கள். நல்ல மரபு. ஆனால் அவற்றுக்குத் தயார்படுத்தப்படுவோர் பெரும்பாலும், கெட்டிக்காரர் என்று வகுப்பில் ஏற்கெனவே பெயரெடுத்த குழந்தைகளே. அந்தப் பெயர் எப்படி வருகிறது? நான் கணித ஆசிரியனாக இருந்தவன் என்பதால் சொல்கிறேன். வகுப்பில் “மைனஸை மைனஸால் பெருக்கினால் ஏன் பிளஸ் வர வேண்டும்?” என்று கேட்கும் குழந்தைக்கு இரண்டு பெயர்கள் காத்திருக்கின்றன. அரசு அலுவலரின் மகள் கேட்டால் புத்திசாலி. செங்கல் சூளைத் தொழிலாளியின் மகள் கேட்டால் அதிகப்பிரசங்கி. நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் இப்படிப் பெயர் வாங்கிய பெண், ஏழாம் வகுப்புக்குப் பிறகு கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டாள். நல்ல பிள்ளை ஆகிவிட்டாள் என்று ஆசிரியர் அறையில் பாராட்டினார்கள்.

மீத்திறன் குழந்தை எப்போதும் முதல் மதிப்பெண் வாங்கும் குழந்தையாக இருக்க வேண்டியதில்லை. தெரிந்ததையே நூறு முறை எழுதச் சொல்வதால் சலித்துப்போய் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருக்கும். வீட்டுப்பாடம் முடிக்காது, ஆனால் பாடத்தில் உள்ள தவற்றைக் கண்டுபிடிக்கும். எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறும் குழந்தை மின்விசிறியைக் கழற்றிப் பூட்டும். வீட்டில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டு, ரேஷன் கணக்கும் வட்டிக் கணக்கும் வைத்துக்கொண்டு, தாய்க்கு மருத்துவமனையில் மொழிபெயர்த்துச் சொல்லும் பத்து வயதுச் சிறுமியைப் பார்த்திருக்கிறீர்களா? அந்தப் பொறுப்பே ஒரு திறன். சோவியத் உளவியலாளர் விகோத்ஸ்கி இதைத்தான் சுட்டினார்: குழந்தை தனியாக இன்று என்ன செய்கிறது என்பதைவிட, அறிந்தவரின் துணையோடு என்ன செய்யக்கூடும் என்பதே வளர்ச்சியின் அளவு. துணையே கிடைக்காத குழந்தையிடம் தனியாகச் செய்துகாட்டு என்று கேட்பது எந்த நியாயம்?

இங்கே மொழி குறுக்கே வந்து நிற்கிறது. மட்டாஞ்சேரியில் சில சதுர கிலோமீட்டருக்குள் மலையாளம், கொங்கணி, குஜராத்தி, கச்சி, தக்காணி, தமிழ் என்று எத்தனை மொழிகள்! வணிகம் செய்ய வந்த சமூகங்கள் தங்களுக்குப் பள்ளி கட்டிக்கொண்டன. உழைக்க வந்தவர்களால் அது முடியவில்லை. வாத்துருத்தியில் ஒற்றை அறைகளில் வாழும் தமிழ்த் தொழிலாளர் குடும்பத்துக் குழந்தை வீட்டில் தமிழ், தெருவில் இந்தியும் மலையாளமும், பாடநூலில் ஆங்கிலம் என்று நான்கு மொழிகளில் நீந்துகிறது. பள்ளிப் பதிவேட்டில் அந்தக் குழந்தை ‘மொழியில் பின்தங்கியவர்’! நான்கு மொழிகளில் பிழைக்கும் குழந்தை எப்படிப் பின்தங்கியது ஆகும்? கேரளத்தில் 2011 கணக்கெடுப்பின்படி சுமார் 5 லட்சம் பேர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர வசதி செய்ய வேண்டும் என்று அரசமைப்பின் 350ஏ பிரிவு 1956 முதல் சொல்லிக்கொண்டிருக்கிறது.

இதே எர்ணாகுளம் மாவட்டம் ஒரு வழியும் காட்டியிருக்கிறது. 2017இல் மாவட்ட நிர்வாகம் தொடங்கிய ரோஷ்ணி திட்டம் பினானிபுரம் அரசு உயர்நிலைப் பள்ளியில் முளைத்துப் பிற பள்ளிகளுக்குப் பரவியது. புலம்பெயர் தொழிலாளரின் குழந்தைகளுக்கு, அவர்களுடைய தாய்மொழி அறிந்த கல்வித் தன்னார்வலர்கள் அந்த மொழியைப் பாலமாகக் கொண்டு மலையாளத்துக்கு அழைத்துச் சென்றார்கள். இடைநிற்றல் குறைந்தது, குழந்தைகள் வாய் திறந்தார்கள். 2020இல் மகாத்மா காந்தி பல்கலைக்கழகத்தின் இளங்கலைத் தேர்வு ஒன்றில், பிகாரிலிருந்து வந்த தொழிலாளி ஒருவரின் மகள் முதலிடம் பெற்றதையும் கேரளம் கண்டது. ரோஷ்ணியின் நோக்கம், பின்தங்கியதாகக் கருதப்படும் குழந்தையை வகுப்போடு சேர்ப்பது. அதற்கு அடுத்த படியை நாம் கேட்க வேண்டும்: தாய்மொழியில் பேசிப்பார்த்தால், வகுப்பையே தாண்டி நிற்கும் குழந்தைகளும் அங்கே இருக்கிறார்கள். அவர்களுக்கு என்ன ஏற்பாடு?

ஏற்பாடு என்றதும் தனிப் பள்ளி என்று சிலர் தாவுவார்கள். 1963இல் மாஸ்கோவில் கணித மேதை கோல்மகோரவ் ஓர் உறைவிடப் பள்ளி தொடங்கினார். மாஸ்கோ நகரத்துக் குழந்தைகளுக்கு வசதிகள் இருக்கின்றன, மாகாணங்களின் சிற்றூர்க் குழந்தைகளே வரட்டும் என்று தொலைவிலிருந்து தேடி அழைத்து வந்தார். அதன் உணர்வை ஏற்கிறேன். ஆனால் நம் நாட்டில் தனிப் பள்ளி என்றால் அது மீண்டும் நுழைவுத் தேர்வில் போய் முடியும். நுழைவுத் தேர்வு பயிற்சி மையத்தில் போய் முடியும். நம் கோரிக்கை, ஒவ்வோர் அரசுப் பள்ளியிலும் ஆய்வகம், நூலகம், இசைக்கும் ஓவியத்துக்கும் ஆசிரியர், வேகமான குழந்தைக்கு மேல்வகுப்புப் பாடத்தைத் திறந்துவிடும் உரிமை என்பதாகவே இருக்க வேண்டும். இதனால் பயன்பெறுவது அந்த ஒரு குழந்தை மட்டுமன்று, வகுப்பு முழுவதும்தான்.

ஒன்றிய அரசின் 2020 கல்விக் கொள்கை, சிறப்புத் திறன் உடைய மாணவர்களுக்கு ஆதரவு என்று ஒரு பகுதியே ஒதுக்கியிருக்கிறது. ஒலிம்பியாட், இணையவழிப் போட்டி, கோடை முகாம் என்று பட்டியல் நீள்கிறது. நடைமுறையைப் பாருங்கள். 1963 முதல் நடந்துவந்த தேசிய திறனறித் தேர்வுத் திட்டம் 2021க்குப் பிறகு நீட்டிக்கப்படாமல் நிறுத்தி வைக்கப்பட்டது. எட்டாம் வகுப்பில் எழுதும் வருவாய்வழித் திறன் உதவித்தொகை ஆண்டுக்கு 12,000 ரூபாய். அதாவது மாதம் 1,000. நாடு முழுவதற்கும் ஆண்டுக்கு ஒரு லட்சம் குழந்தைகளுக்கே புதிதாகக் கிடைக்கும். 14 வயதுச் சிறுவன் மீன்பிடித் துறையிலோ கட்டட வேலையிலோ இரண்டு நாளில் ஈட்டக்கூடிய தொகையை ஒரு மாதத்துக்குத் தந்து, ‘படிப்பை விடாதே’ என்கிறார்கள். கல்விக் கொள்கையை ஏற்கவில்லை என்பதற்காகத் தமிழ்நாட்டுக்கு 2024-25இல் தர வேண்டிய சமக்ர சிக்ஷா நிதி 2,152 கோடி ரூபாயை முடக்கியதும் இதே அரசுதான்.

கண்டறிவதோடு வேலை முடிவதில்லை. அனுப்பிவைத்த பிறகு என்ன நடக்கிறது? ஐதராபாத் பல்கலைக்கழகத்தில் ரோகித் வெமுலா, மும்பையில் மருத்துவ மேற்படிப்புப் படித்த பாயல் தட்வி: இருவரும் எல்லா வில்லைகளையும் பிடித்து மேலே போனவர்கள்தாம். 2016இலும் 2019இலும் அவர்களை இழந்தோம். முதல் தலைமுறை மாணவர் விடுதிக்குள் நுழையும்போது தன் ஊரையும் மொழியையும் சாதியையும் சுமந்துகொண்டுதான் நுழைகிறார். உதவித்தொகை மூன்று மாதம் தாமதமானால் யாரிடம் கேட்பது, ஆசிரியர் சாதிப்பெயர் சொல்லி இழிவுபடுத்தினால் எங்கே மனு கொடுப்பது, ஒரு பாடத்தில் தோற்றால் வாழ்வே முடிந்துவிடவில்லை என்று யார் சொல்வது? வசதியான வீட்டில் இதற்கு மாமாவும் அத்தையும் இருக்கிறார்கள். நம் குழந்தைகளுக்கு அமைப்புதான் மாமா, அத்தை.

ஆகவே நம் கிளைகளின் வேலைமுறையைப் பற்றி ஒரு சொல். ஒவ்வொரு மே மாதமும் தேர்வு முடிவு வந்ததும், எல்லாப் பாடத்திலும் ஏ பிளஸ் பெற்றவர்களின் படத்தோடு தெருவெங்கும் ஃபிளெக்ஸ் பலகை வைக்கிறோம். பொன்னாடை போர்த்துகிறோம். தவறில்லை, குழந்தைகள் மகிழ்கிறார்கள். ஆனால் அந்த விழாவில் மேடையேறுவது வில்லையைப் பிடித்து முடித்தவர்கள். கிளையின் உழைப்பு, வில்லைக்காகக் கூட்டத்தில் மிதிபட்டுக்கொண்டிருக்கும் குழந்தைக்குத் தேவைப்படுகிறது. அதுவும் மே மாதத்தில் அல்ல, ஜூனில்.

இந்தக் கூட்டத்தின் முடிவாக ஒரு சிறு திட்டத்தை முன்வைக்கிறேன். விவாதித்துத் திருத்துங்கள். மட்டாஞ்சேரி, ஃபோர்ட் கொச்சி, வாத்துருத்தி ஆகிய இடங்களில் தமிழ் பேசும் தொழிலாளர் வீடுகளில் உள்ள 6 முதல் 14 வயது வரையிலான எல்லாக் குழந்தைகளின் பெயரையும் ஒரு பதிவேட்டில் எழுத வேண்டும். நன்றாகப் படிக்கிற குழந்தை எது என்று கேட்டு எழுதக் கூடாது, எல்லாக் குழந்தையும். படிப்பகத்தில் ஞாயிறு காலை இரண்டு மணி நேரம், தமிழிலேயே, புதிர், கணக்கு, கதை, பாட்டு, கழற்றிப் பூட்டும் பொருள்கள். பாடம் நடத்த வேண்டாம். குழந்தை என்ன கேட்கிறது, எதில் நேரம் போவது தெரியாமல் மூழ்குகிறது என்று பார்த்து, பெயருக்கு நேரே குறித்துவைக்க வேண்டும். மாதர் அமைப்புத் தோழர்கள், கேள்வி கேட்பதை நிறுத்திவிட்ட பெண் குழந்தைகளைத் தனியே கவனிக்க வேண்டும். ஆறு மாதம் கழித்து அந்தப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு பள்ளித் தலைமையாசிரியரிடம் போகலாம். மாமன்ற உறுப்பினரிடம் போகலாம். ரோஷ்ணி போன்ற ஏற்பாட்டில் தமிழ் அறிந்த தன்னார்வலர் வேண்டும் என்று கல்வித் துறையிடம் பெயர், வயது, எண்ணிக்கையோடு கேட்கலாம். கல்லூரிக்குப் போய்விட்ட மாணவர் ஒவ்வொருவருக்கும் ஒரு தோழரைப் பொறுப்பாக்கி, வாரம் ஒருமுறை தொலைபேசியில் பேசச் சொல்லலாம்.

பதிவேட்டுக்கான நோட்டை இங்கேயே மேசைமீது வைத்திருக்கிறேன். எந்தத் தெருவை யார் எடுத்துக்கொள்வது என்பதைத் தேநீர் இடைவேளைக்குப் பிறகு பேசுவோம்.